முன்னால் நிற்கும் காட்டெருமை

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்றுதானே கேட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, நிதானமாகச் சொல்கிறேன். கூடத்தில் என் சம்பந்தி குழந்தைவேலு, அவர் சம்சாரம், மாப்பிள்ளை பிரகதீஸ்வரன், இந்த வரனைக் கொண்டுவந்த மாணிக்கம், என் மனைவி ருக்குமணி, அவள் தம்பி ரங்கசாமி, என் மகள் கோகிலவாணி. ஏழு பேர். உள்ளறையில் நான். எட்டு. நான் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் வழியாகத் தூத்துக்குடியிலிருந்து ஜெபராஜ், கடையநல்லூரிலிருந்து நஸ்ரின். பத்து.

ரங்கசாமி உங்களிடம் ஏழு பேர் என்று சொன்னானாம். அவன் அப்படித்தான். கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எண்ணுவான். நான் பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவன். அலமாரிக்குப் பின்னால் கிடப்பதையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். பத்து என்றே எழுதுங்கள்.

டீ போட்டுத் தந்திருப்பேன் அம்மா. சர்க்கரையை ருக்குமணி எங்கே வைத்துவிட்டுப் போனாள் என்று தெரியவில்லை. தேடினேன். கிடைக்கவில்லை. தண்ணீர் இருக்கிறது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. உங்களைப் போன்ற அதிகாரிகள் எதிரில் உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூடத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் பாதிதான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் கேட்டீர்கள் இல்லையா, அது எனக்கு முழுசாகத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

நான் அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

சிரிக்கவில்லையே நீங்கள்? சில பேர் சிரிப்பார்கள். அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு அம்மா. பெயர் இங்கிலீஷில் நீளமாக இருக்கும், என் வாயில் நுழையாது. நான் கோட்டை விளையாட்டு என்பேன். அதில் ஆளுக்கு ஒரு வேலை. ஜெபராஜ் தூரத்தில் நின்று அம்பு விடுவான். நஸ்ரின் மருத்துவச்சி, அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவாள். நான் உருமாறி. மனுஷனாக இருக்கும்போது எனக்கு உயிர் நானூறுதான். ஒரு நரி கடித்தாலே பாதி போய்விடும். ஆனால் காட்டெருமையாக மாறினால் ஒன்பதாயிரத்து அறுநூறு. தோல் தடித்துவிடும். கத்தி பட்டாலும் கீறல்தான். என் வேலை முன்னால் போய் நிற்பது. நின்று உறுமி ஒரு முக்காரம் போட்டால், எதிரில் எத்தனை பேர் இருந்தாலும் மற்றவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் திரும்புவார்கள். எல்லா அடியும் எனக்கு. பின்னால் நிற்பவர்கள் பிழைப்பார்கள். அவ்வளவுதான் வேலை. அடிக்கக்கூட வேண்டியதில்லை. நிற்க வேண்டும்.

எனக்கு அது வந்தது. ஓடுவது, குதிப்பது, குறி பார்ப்பது எதுவும் வராது. நிற்பது வந்தது.

அந்த எருமையை உண்டாக்கியது நான் இல்லை. என் மகள் வாணிதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டிலிருந்தே ஒரு ஆஸ்பத்திரி பில் கம்பெனிக்கு வேலை செய்தாள். அதற்கு வாங்கின கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமையில் விளையாடுவாள். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். எருமைக்கு மேலே இன்றைக்கும் அவள் பெயர்தான் எழுதியிருக்கும். தையில் நிச்சயம் ஆனதும் விட்டுவிட்டாள். "அவங்க ஊட்ல இதெல்லாம் புடிக்காதுங்கப்பா" என்றாள். விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "இதுக்கு ஒரே உசுருதான். ஒருக்கா செத்தா அழிஞ்சு போயிரும், மறுபடி வராது. சாகாம பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எதையாவது ஒப்படைத்தால் நான் பத்திரமாக வைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டோரில் என் காலத்தில் ஒரு வாஷர் குறைந்ததில்லை.

ஆரம்பத்தில் ஜெபராஜும் நஸ்ரினும் என்னை நம்பவில்லை. முக்காரம் போட்டால் எட்டு எண்ணும் வரைதான் அது நிற்கும். எட்டு முடிந்ததும் மறுபடி போட வேண்டும். பிந்தினால் எதிரி பின்னால் நிற்பவர்கள் மேல் பாய்ந்துவிடுவான். அதனால் நான் மைக்கில் சத்தமாக எண்ணுவேன். முதல் நாள் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். ஸ்டோரில் அப்படித்தான் அம்மா, முதல் எண்ணிக்கையை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். ஜெபராஜ் லாபம் என்பது ஏதோ சாமி பேர், அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு எண்ணிக்கை பிந்தி நகர்ந்தான். கரடி ஒன்று அவனைத் தூக்கி எறிந்தது. "எண்ணே, லாபம் லாபம்னீங்க, எனக்கு நட்டமாப் போச்சே!" என்று கத்தினான். நஸ்ரின் சிரித்து சிரித்து இருமிவிட்டாள். அதற்குப் பிறகு நான் எப்படி எண்ணுகிறேனோ அப்படியே அவர்களும் எண்ணிக்கொள்வார்கள். என்னை எருமை அண்ணே என்பார்கள். அவர்களுக்கு என் வயசு தெரியாது. நானும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேறு வீடுகளும் இருக்கும்.

வைகாசியில் கல்யாணம். தலை ஆடிக்கு முறைப்படி நாங்கள் போய்ப் பல்லடத்திலிருந்து கூட்டிவந்தோம். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப்போக வேண்டும், அதுவும் முறை. நடுவில் வாணி அவள் அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள். பொம்பளைகள் பேச்சு என்று நானும் போக மாட்டேன்.

ஒரு நாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கும்போது ரவிக்கைக் கை மேலே ஏறியது. இடது கை, முழங்கைக்கு மேலே, வெளிப்பக்கம் வரிசையாக நான்கு, உள்பக்கம் ஒன்று. நீலம் பாய்ந்திருந்தது. நான் எண்ணினேன், எண்ணுவது என் பழக்கம். ருக்குமணியிடம் அது என்ன என்று கேட்டேன். "அவளையே கேளுங்க" என்றாள். கேட்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் போய்க் கையைக் காட்டு என்று எப்படி அம்மா கேட்பது? ஊசி போட்ட இடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊசிக்கு ஐந்து எதற்கு என்று பிறகு தோன்றியது. அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

நான்கும் ஒன்றும். அதை எழுதிக்கொண்டீர்களா? நல்லது. அது நான் கண்ணால் பார்த்தது, மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ருக்குமணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை. "ஏனுங்க, இன்னைக்கு அவுங்க வருவாங்க. புள்ளைய அனுப்பறீங்களான்னு உங்களைத்தான் கேப்பாங்க. நான் சொன்னா எடுபடாது. எம் பொண்ணு இங்கயே இருக்கட்டும்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லீருங்க. அப்பறம் என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

சரி என்றேன். சொல்லக்கூடாது என்று நான் நினைக்கவே இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். வாணி வாசற்படிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சரி என்றதும் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தோடு அவள் ஏதோ பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் பாடினாள்.

அவர்கள் சாப்பாட்டுக்கு மேல் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் நான் காலையில் கோட்டைக்குள் போக ஒப்புக்கொண்டேன். கடைசிக் கதவு. அதற்குப் பின்னால் கல்தலையன் என்று ஒருத்தன். உள்ளே போனால் கதவு மூடிக்கொள்ளும். அவன் சாக வேண்டும், இல்லை நாம் சாக வேண்டும். நடுவில் நிறுத்திவைக்க முடியாது. நான் எழுந்து போனால் எருமை சும்மா நின்று செத்துவிடும். எருமை செத்தால் அடுத்த அடி ஜெபராஜுக்கு, அதற்கடுத்தது நஸ்ரினுக்கு. அவர்களுக்கும் ஒரே உயிர்தான்.

கதவு மூடியது. நான் காட்டெருமையாக மாறினேன். முதல் முக்காரம் போட்டேன். அப்போது தெருவில் கார் வந்து நின்றது.

பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் பெண்ணை வாசல் தாண்டவைத்துவிட வேண்டும் என்று முன்னாடியே கிளம்பி வந்துவிட்டார்களாம். ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முழுக் குற்றமும் என் மேல் என்று எல்லோரும் பேசுகிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை.

ருக்குமணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "வந்துட்டாங்க."

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். இதோ என்று.

"என்னங்க இது, எந்திரிங்க."

"நாலு, அஞ்சு. வர்றேன் போ. ஆறு."

ஒரு காதில் ஹெட்போனை நகர்த்தி வைத்துக்கொண்டேன், மரியாதைக்கு. அதனால் கூடத்துப் பேச்சு துண்டு துண்டாகக் கேட்டது. சம்பந்தியம்மா பூவும் பழமும் கொண்டுவந்திருந்தார். தட்டை வைக்கிற சத்தம். குழந்தைவேலு, "சம்பந்தி ஊட்ல இல்லீங்களா?" என்றார். ருக்குமணி, "உள்ள இருக்காருங்க, வந்துருவாரு" என்றாள். காபி ஆற்றுகிற சத்தம். மாணிக்கம் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். மாப்பிள்ளை பேசவில்லை. அவர் அதிகம் பேச மாட்டார். அந்த வகையில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

கல்தலையன் பெரிய ஆள் அம்மா. சம்மட்டி வைத்திருக்கிறான். ஒரு அடிக்கு எண்ணூறு போகும். நஸ்ரின் எழுநூறு ஏற்றுவாள். அப்படியானால் ஒவ்வொரு அடிக்கும் நூறு நஷ்டம். கணக்குப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அவன் உயிர் தீர்வதற்கு முன்னால் என் உயிர் தீரக்கூடாது. அவ்வளவுதான்.

ரங்கசாமி வந்தான். "மச்சான், உங்களைத்தான் கேக்கறாங்க. அக்கா தொண்டை தண்ணி வத்தப் பேசுது. பொம்பளை பேச்சு எதுக்கு, அப்பன்காரர் சொல்லட்டும்கறாரு அந்தாளு."

"இப்ப வந்தர்றேன்."

"இப்பன்னா எப்ப? பொம்மைய வெச்சுக்கிட்டு! நாலு பேரு உக்காந்திருக்கறாங்க மச்சான்."

பொம்மை என்றான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் நின்று பார்த்துவிட்டு, "த்சே" என்று போனான்.

அதற்குப் பிறகு வாணி வந்தாள்.

அவள் கையில் சம்பந்தியம்மா கொடுத்த மல்லிகைச் சரம் இருந்தது. தலையில் வைத்துக்கொள்ளவில்லை. கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"அப்பா."

"இரு கண்ணு."

"ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்கப்பா. காத்தால சரின்னீங்கல்ல. அந்த ஒரு வார்த்தைதான்."

"ஏழு, எட்டு." முக்காரம் போட்டேன். "லாபம், ரெண்டு..."

அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். முன்பு நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன் என்றேனே, அதே இடம். திரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா, அவள் வளர்த்த எருமை. "எவ்வளவு இருக்குது?" என்று கேட்டாள்.

"நாலாயிரத்து இருநூத்திப் பத்து."

கல்தலையன் ஒரு அடி போட்டான். நஸ்ரின் ஏற்றினாள். நாலாயிரத்து நூற்றிப் பத்து.

"விட்டுருங்கப்பா" என்றாள். "செத்தா சாகட்டும். நான் உண்டாக்குனதுதானே, நானே சொல்றேன். விட்டுட்டு வாங்க."

எனக்காக அப்படிச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அப்பா சங்கடப்படக்கூடாது என்று. அந்தப் பிள்ளை சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். தனக்கு வேண்டியதை வேண்டாம் என்று சொல்லிவிடும். நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "நீ கவலையே படாதே கண்ணு. சாக உட மாட்டேன்."

அவள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "சரிங்கப்பா" என்றாள். போய்விட்டாள்.

போக மாட்டேன் என்று அவள் என்னிடம் சொன்னாளா என்று கேட்டீர்கள். சொல்லவில்லை. அடிக்கிறார்கள் என்று சொன்னாளா என்று கேட்டீர்கள். அதுவும் சொல்லவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள், விட்டுவிடுங்கள் என்றாள், சரி என்றாள். நடந்தது அதுதான்.

அவள் பேசினது மைக் வழியாக அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்டிருக்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை. நஸ்ரின் கேட்டாள்: "அண்ணே, அது யாரு? உங்க மவளா?"

"ஆமா."

"ஏன் அந்தப் புள்ள கொரலு அப்படி இருக்கு?"

"மூணு, நாலு."

"அண்ணே, நீங்க போங்க. என்னன்னு பாருங்க. நாங்க செத்தா செத்துட்டுப் போறோம், புதுசா ஆரம்பிச்சுக்கலாம்."

ஜெபராஜும் சொன்னான்: "ஆமாண்ணே, எந்திரிச்சுப் போங்க. இதென்ன நெச உசுரா? நான் வேணா அம்ப உட்டுக்கிட்டே சுத்தி ஓடுறேன், கொஞ்ச நேரம் தாங்கும்."

தாங்காது. அம்புக்காரனுக்கு உயிர் எழுநூறு. ஒரு அடிக்கு எண்ணூறு. அவனுக்குக் கணக்குத் தெரியாது. இரண்டும் சின்னப் பிள்ளைகள், பொறுப்பு தெரியாமல் பேசுகின்றன. நமக்குப் பின்னால் இருப்பவர்கள் போ என்று சொன்னால் போய்விடுவதா? அப்புறம் முன்னால் நிற்பதற்கு என்ன அர்த்தம்? எண்ணினேன்.

கூடத்தில் மாணிக்கம் குரல் கேட்டது. "அப்பன்காரர் ஊட்லயே இருந்துக்கிட்டு ஒண்ணும் சொல்லலீன்னா, அவருக்குச் சம்மதம்னுதானுங்க அர்த்தம்? அப்பறம் என்னத்துக்கு இளுத்துக்கிட்டு?"

"அவரு சொல்லுவாரு. வந்து சொல்லுவாரு." அது ருக்குமணி.

"மணி பதினொண்ணேமுக்கால் ஆச்சுங்" என்றார் குழந்தைவேலு. "எமகண்டம் பொறந்துட்டா அப்பறம் பொறப்படறதுக்கு ஆகாது. எந்திரி கண்ணு. பூவ வெச்சுக்க."

ருக்குமணி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "நாச்சிமுத்து!" என்று. கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. யாரோ வேற்றாளைக் கூப்பிடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு செருப்பு மாட்டுகிற சத்தம். கார்க் கதவு திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான்காவது கதவு சாத்தவே இல்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. காத்திருந்தேன். பிறகு அதுவும் சாத்தியது.

அந்த நேரத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஏழில் நின்றதா, எட்டைத் தாண்டியதா, தெரியவில்லை. தையிலிருந்து ஒரு முறைகூட விட்டதில்லை. கல்தலையன் திரும்பினான். ஜெபராஜ் ஓடினான். ஒரே அடி. திரையில் அவன் பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது.

அவன் ஒன்றும் கத்தவில்லை. "பரவால்லண்ணே" என்றான். "உங்க வீட்ல யாரோ அழுவுறாங்கண்ணே, அதப் போய்ப் பாருங்க."

நான் மறுபடி முக்காரம் போட்டேன். அம்பு இல்லாமல் கல்தலையனைச் சாகடிக்க நேரமாகும். நானே முட்டி முட்டித்தான் முடித்தேன். நஸ்ரினின் மருந்து தீர்ந்துவிட்டது. அவள் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். கடைசியில் அவன் விழுந்தான். கோட்டைக் கதவு திறந்தது. எருமை நின்றுகொண்டிருந்தது. அம்மா, ஒரே உயிரில் அந்தக் கோட்டையை ஜெயித்தவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது.

வாணியிடம் சொல்லலாம் என்று எழுந்து கூடத்துக்கு வந்தேன். யாரும் இல்லை. தட்டில் பழம் மட்டும் இருந்தது. காபி டம்ளர்கள் அப்படியே இருந்தன. ருக்குமணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ரங்கசாமி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ருக்கு, சாகலை" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எது?" என்றாள்.

நான் விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டாளா இல்லையா தெரியவில்லை. அன்றைக்குச் சமைத்தாள். பரிமாறினாள். பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

புரட்டாசியில் நடந்ததை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். வாணி தானாகவே கிளம்பி, கையைத் துண்டில் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். எலும்பு முறிவு இரண்டு இடத்தில் என்றார்கள். அதே இடது கை. அங்கேயே போலீசுக்கும் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்குத்தான் போன். ருக்குமணி ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். இப்போது உங்கள் பெண்கள் பாதுகாப்பு விடுதியில் இரண்டு பேரும் இருப்பதாகச் சொல்கிறீர்கள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். வீடு இருக்கிறது. அவள் அறை இருக்கிறது. இங்கே வரலாமே? நான் என்ன வேண்டாம் என்றா சொன்னேன்? அன்றைக்கு அவர்களிடமும் அழைத்துப்போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லையே. அதை நீங்கள் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நஸ்ரினும் வருவதில்லை. ஜெபராஜ் ஒரே ஒரு தடவை, "மக எப்படி இருக்காங்க அண்ணே?" என்று எழுதிக் கேட்டிருந்தான். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். பிறகு அவனும் இல்லை. அவர்களுக்காகத்தானே நின்றேன்? ஒரு நன்றிகூட வேண்டாம். வந்து போகலாம்.

கோர்ட்டா? நானா? வந்து என்ன சொல்ல வேண்டும்? அவளுக்குப் போக இஷ்டமில்லை, தெரிந்தும் யாரும் தடுக்கவில்லை என்று... அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்? சம்பந்தியும் இருப்பாரா? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமா? நான் அப்படி எழுந்து நின்று பேசினதில்லை அம்மா. கம்பெனியில் வழியனுப்பு விழாவில்கூட மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த நான்கும் ஒன்றும், அது நான் பார்த்தது. அதற்குக் கீழே எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். நேரில் என்றால்... யோசித்துச் சொல்கிறேன். அவசரமா?

இருங்கள், கிளம்பிவிட்டீர்களா? அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எருமை பத்திரமாக இருக்கிறது. கோட்டை வாசலிலேயே நிற்கிறது. அன்றைக்கு நிறுத்தின இடத்திலிருந்து நான் நகர்த்தவில்லை. மருந்து குடித்தால் உயிர் ஏறும். ஆனால் எருமையால் குடிக்க முடியாது, மனுஷனாக மாறினால்தான் முடியும். மாறினால் இருக்கிற உயிர் பதிமூன்றாகச் சுருங்கிவிடும். வாசலில் நரிகள் திரிகின்றன. பதிமூன்றை வைத்துக்கொண்டு குப்பியைத் திறப்பதற்குள் ஏதாவது கடித்துவிட்டால்? அதனால் மாறவில்லை. தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். இன்றைக்கும் நீங்கள் வருவதற்கு முன்னால் பார்த்தேன். குறையவில்லை. அவள் ஒருவேளை, எவ்வளவு இருக்கிறது என்று கேட்பாள். கேட்டால் சொல்லுங்கள், அம்மா. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

முந்நூற்றுப் பதினேழு.